புகைபோக்கிக்குப் போகும் முன்

(அனல்மின் நிலையக் கழிவு வெப்பம் குறித்துப் பொறியியல் மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கொதிகலன் பராமரிப்புப் பிரிவில் கழித்தவன் நான். டர்பைன்காரர்களுக்கு எங்கள் பிரிவு அழுக்குப் பிரிவு. சாம்பலும் புகையும் எங்கள் பங்கு. அந்தப் புகையோடு வெளியேறும் வெப்பத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கழிவு வெப்பத்தை மீட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த வெப்பத்தை, எந்த வேலைக்கு என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கிப் போட்ட கருவிகள் எத்தனையோ நிலையங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வெப்பத்தை அளவால் மட்டும் எடைபோட்டால் நாம் ஏமாந்துபோவோம். அதன் தரத்தைப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

ஒரு 210 மெகாவாட் அலகை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வடசென்னையில் மூன்று என நம் மின்வாரியத்தைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றவை இந்த அலகுகள். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். அதைத் தயாரிக்க இத்தகைய அலகு ஏறத்தாழ 2,450 கிலோகலோரி வெப்பத்தைச் செலவழிக்கிறது. நிலக்கரியில் இருக்கும் வெப்பத்தை நூறு பங்காக வைத்தால், முப்பத்தைந்து பங்கு ஜெனரேட்டருக்குப் போகிறது. பதினான்கு பங்கு கொதிகலனிலேயே போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு. மீதி ஐம்பத்தொரு பங்கை, அதாவது ஏறத்தாழப் பாதியை, கண்டென்சரில் ஓடும் குளிர்நீர் கொண்டுபோகிறது.

இந்தக் கணக்கை முதல்முறை பார்க்கும் எவருக்கும் கை கண்டென்சர் பக்கம்தான் நீளும். பாதி வெப்பம் அங்கே போகிறதே, அதைப் பிடித்தால் என்ன என்று தோன்றும். 1824-இல், தம் 28-ஆவது வயதில், பிரான்சின் சாடி கார்னோ ஒரு சிறு நூலில் இதற்கு விடை சொல்லிவிட்டார். ஒரு வெப்ப இயந்திரம் தரக்கூடிய வேலை, வெப்பம் எந்த வெப்பநிலையில் உள்ளே வருகிறது, எந்த வெப்பநிலையில் வெளியே போகிறது என்பதைப் பொறுத்தது. நம் அலகில் நீராவி 540 டிகிரி செல்சியஸில் டர்பைனுக்குள் நுழைகிறது. கண்டென்சரில் 45 டிகிரியில் நீராகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எந்தக் கொம்பனாலும் 61 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. கண்டென்சரை விட்டு வெளியேறும் குளிர்நீரோ சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிதான் கூடுதல் சூடு. அதிலிருந்து மின்சாரம் எடுக்கப் போனால், எடுப்பதைவிடப் பம்புகள் குடிப்பது அதிகமாகிவிடும். ஒரு குடம் வெதுவெதுப்பான நீரில் அரிசி வேகாது. ஒரு சொம்பு கொதிநீரில் வெந்துவிடும். குடத்தில் இருக்கும் மொத்த வெப்பம்தான் அதிகம் என்று வாதாடிப் பயனில்லை.

தரமான கழிவு வெப்பம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிக்கு அருகே கோவில்களப்பாலில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவில் ஓடுவது. அங்கே கேஸ் டர்பைனின் திறன் 70 மெகாவாட். அந்த டர்பைன் வெளியே தள்ளும் புகையின் வெப்பத்தை ஒரு கொதிகலனுக்குள் விட்டு, நீராவி எடுத்து, இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறார்கள். அதில் கிடைப்பது 37.88 மெகாவாட். கூடுதலாக எரிவாயு எரிக்காமல் உற்பத்தி பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. குத்தாலம், வழுதூர் நிலையங்களும் இதே முறையில் இயங்குபவைதான். சென்னை பேசின் பிரிட்ஜில் உள்ள நான்கு 30 மெகாவாட் கேஸ் டர்பைன்களோ அந்தச் சூட்டை வானத்துக்கே விட்டுவிடுகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். உச்ச நேரத் தேவைக்காகச் சற்று நேரமே ஓட்டும் டர்பைனுக்குப் பின்னால் ஒரு நீராவி நிலையத்தையே கட்டினால் போட்ட பணம் திரும்பாது. கேஸ் டர்பைனின் புகை ஐந்நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் என்பதால்தான் கோவில்களப்பாலில் இது முடிகிறது. பிரான்சின் பூஷேன் நிலையம் 2016-இல் 62.22 சதவீதத் திறனை எட்டிச் சாதனை படைத்ததும் இந்த இரண்டு டர்பைன் முறையில்தான்.

நிலக்கரி நிலையத்தின் புகை அப்படிப்பட்டதா? புகைபோக்கிக்குள் நுழையும்போது அது 130 முதல் 150 டிகிரிதான் இருக்கும். காரணம், அதற்கு முன்பே மீட்க வேண்டியதில் பெரும்பகுதியை நம் முன்னோடிகள் மீட்டுவிட்டார்கள். கழிவு வெப்ப மீட்பு ஏதோ இந்தக் காலத்துப் புதுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் கிரீன் 1845-இல் எக்கனமைசருக்குக் காப்புரிமை பெற்றார். கொதிகலனை விட்டு வெளியேறும் புகையின் பாதையில் வார்ப்பிரும்புக் குழாய்களை நிறுத்தி, உள்ளே வரும் நீரை அதில் சூடேற்றினார். குழாய்மேல் படியும் கரியை இடைவிடாமல் சுரண்டி எடுக்கச் சுரண்டிகளையும் பொருத்தினார். என்னைக் கேட்டால் அவருடைய மேதைமை அந்தச் சுரண்டியில்தான் இருக்கிறது. வெப்பம் மீட்கும் கருவியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைச் சுத்தமாக வைத்திருக்க வழி சொல்வது மீதிப் பாதி. 1920-இல் சுவீடனின் ஃப்ரெட்ரிக் யூங்ஸ்ட்ரோம் சுழலும் ஏர் ப்ரீஹீட்டரை உருவாக்கினார். இன்றும் நம் அலகுகளில் மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பது அதன் வாரிசுதான்.

அந்த ஏர் ப்ரீஹீட்டரின் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு வீட்டளவு பெரிய உருளை. அதற்குள் நெளிநெளியான மெல்லிய இரும்புத் தகடுகள் அடுக்கிய பாஸ்கெட்டுகள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுதான். ஒரு பக்கம் புகை இறங்குகிறது, தகடு சூடாகிறது. சூடான தகடு சுற்றி மறுபக்கம் வரும்போது அடுப்புக்குப் போகும் காற்று அதன் ஊடே ஏறுகிறது. புகை 340 டிகிரியில் வந்து 140-இல் வெளியேறுகிறது. 210 மெகாவாட் அலகில் மணிக்கு ஏறத்தாழ 900 டன் புகை இதன் வழியே போகிறது. இந்தக் கருவி மட்டும் இல்லையென்றால் அதே மின்சாரத்துக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக நிலக்கரி கொட்ட வேண்டியிருக்கும். நிலையத்திலேயே மிகப் பெரிய கழிவு வெப்ப மீட்புக் கருவி இதுதான். ஆண்டு ஓவர்ஹாலிங்கில் நேரம் போதவில்லை என்றால் முதலில் ஒத்திவைக்கப்படும் வேலையும் இதுதான். இது எனக்கு ஆறாத வருத்தம்.

இதன் நோய் கசிவு. காற்று அழுத்தத்தோடு வருகிறது, புகையோ உறிஞ்சப்படுகிறது. இடையில் இருப்பது உருளையோடு சேர்ந்து உரசிக்கொண்டு போகும் உலோகப் பட்டைகள், சீல் என்போம். அவை தேய்ந்தால் காற்று அடுப்புக்குப் போகாமல் குறுக்கே பாய்ந்து புகையோடு கலந்துவிடும். புதிதில் எட்டுப் பத்து சதவீதமாக இருக்கும் கசிவு, கவனிக்காத அலகில் இருபதைத் தாண்டும். புகையை உறிஞ்சும் ஐ.டி. ஃபேன் வீணாக அந்தக் காற்றையும் சேர்த்து இழுத்துத் தள்ள வேண்டும். அதைவிட மோசமானது, இந்தக் கசிவு நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. 160 டிகிரியில் வெளியேறும் 900 டன் புகையில் 35 டிகிரியில் இருக்கும் 180 டன் காற்று கலந்தால், கலவையின் வெப்பநிலை 140 ஆகிவிடும். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் மானியைப் பார்த்து, புகை 140-இல் போகிறது, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருப்பார். உண்மையில் இருபது டிகிரி இழப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த இருபது டிகிரிக்கு என்ன விலை? 900 டன் புகை, கிலோவுக்கு டிகிரிக்குக் கால் கிலோகலோரி. மணிக்கு 45 லட்சம் கிலோகலோரி வருகிறது. 3,700 கிலோகலோரி தரும் நிலக்கரியில் அது மணிக்கு 1.2 டன், நாளுக்கு 29 டன். அலகு எரிக்கும் மொத்த நிலக்கரி மணிக்கு 140 டன் என்பதால், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன் நிலக்கரிக்கு ஒன்றரை டன் கரியமில வாயு என்று கொண்டால், நாளுக்கு நாற்பது டன்னுக்கு மேல். இத்தனையும் தேய்ந்த சீல் பட்டைகளுக்காகவும் அடைத்துக்கொண்ட பாஸ்கெட்டுகளுக்காகவும் நாம் கொடுப்பது. கண்டுபிடிக்க இருக்கும் வழி மிக எளியது. ப்ரீஹீட்டருக்கு முன்னும் பின்னும் புகையின் ஆக்சிஜனை அளக்க வேண்டும். முன்னால் 3.5 சதவீதம், பின்னால் 6.5 சதவீதம் என்றால் கசிவு ஏறக்குறைய 19 சதவீதம். புகைப்பாதையின் ஒரே புள்ளியில் அளந்தால் போதாது. அகலம் முழுக்கப் பல புள்ளிகளில் அளக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பித்தான் பல இடங்களில் அளப்பதே இல்லை.

சரி, சீலை மாற்றினோம், பாஸ்கெட்டைக் கழுவினோம், புகை உண்மையாகவே 140-இல் போகிறது. இன்னும் கீழே இறக்கலாமா? இங்கே கந்தகம் குறுக்கே நிற்கிறது. நிலக்கரியில் இருக்கும் கந்தகத்தில் சிறு பகுதி டிரை ஆக்சைடாகி, புகையிலிருக்கும் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. புகை ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அந்த அமிலம் தகட்டின்மேல் வியர்க்கும். ப்ரீஹீட்டரின் குளிர்முனையிலிருந்து கழற்றி வெளியே வைத்த பாஸ்கெட்டுகளை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தகடு முனைகள் அரித்து, விரலால் ஒடிக்கும் அளவுக்கு இற்றுப்போயிருக்கும். அவற்றின் இடுக்குகளில் ஈரச் சாம்பல் சிமெண்ட் போல இறுகியிருக்கும். ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல்தான் அதிகம். கந்தகம் அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே அதிகக் கந்தக நிலக்கரிக்கு வகுத்த பாதுகாப்பு எல்லையை நாம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எரிக்கும் நிலக்கரியைச் சோதித்து, எல்லையை அந்தந்த நிலையத்துக்கு ஏற்ப வகுக்கலாம். குளிர்முனைக்கு எனாமல் பூசிய தகடுகளும் கிடைக்கின்றன.

இங்கே மீட்புக் கருவி விற்பனையாளர்கள் வருவார்கள். புகையை 130-இலிருந்து 90-க்கு இறக்குகிறோம், அந்த வெப்பத்தில் கண்டென்சரிலிருந்து வரும் நீரைச் சூடேற்றுகிறோம், பத்து மெகாவாட் மிச்சம் என்பார்கள். பத்து மெகாவாட் என்பது வெப்பக் கணக்கில் சரி. மின்சாரக் கணக்கில் அது என்ன ஆகும்? அந்த நீரை இதுவரை சூடேற்றியது டர்பைனின் வால்பகுதியிலிருந்து எடுத்த, ஏற்கெனவே தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்ட நீராவி. அதை எடுக்காமல் விட்டால் கடைசிச் சில அடுக்குகளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விரியும். கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மெகாவாட். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை மெகாவாட் பெரிய வருமானம்தான். பத்து என்று நம்பி வாங்கக் கூடாது என்கிறேன்.

ஆனால் இதே குறைந்த வெப்பத்திலிருந்து முழு மதிப்பையும் வாங்க ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே நீடராவ்ஸெம் நிலையத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய கே அலகில் இதைச் செய்து காட்டினார்கள். ஆயிரம் மெகாவாட்டை ஒட்டிய பழுப்பு நிலக்கரி அலகு அது. புகையில் ஒரு பகுதியை ஏர் ப்ரீஹீட்டருக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்பி, அந்த உயர்ந்த சூட்டால் உயரழுத்த நீரைச் சூடேற்றினார்கள். அதனால் டர்பைனின் முன்பகுதியில் மிச்சமாகும் நீராவி நிறைய வேலை செய்யும். அப்படியானால் அடுப்புக்குப் போகும் காற்றைச் சூடேற்ற யார்? அதற்குப் புகைபோக்கிப் பக்கம் போகும் 160 டிகிரிப் புகையை நூறு டிகிரி வரை குளிர்வித்து, அந்த வெப்பத்தைக் காற்றின் தொடக்கச் சூட்டுக்குக் கொடுத்தார்கள். அமிலம் அரிக்காமலிருக்க அங்கே பிளாஸ்டிக் குழாய்கள். முப்பது டிகிரிக் காற்றை நூறுக்குக் கொண்டுபோக முந்நூறு டிகிரிப் புகை எதற்கு? தாழ்ந்த வேலையைத் தாழ்ந்த வெப்பத்திடம் கொடுத்து, உயர்ந்த வெப்பத்தை உயர்ந்த வேலைக்கு விடுவித்தார்கள். அந்த அலகின் திறன் 43 சதவீதத்தைத் தாண்டியதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. கந்தகம் நீக்கிய பின் அந்தப் புகைக்கு மேலே எழும்பும் தெம்பு இல்லை. அதனால் தனிப் புகைபோக்கி கட்டாமல், 200 மீட்டர் உயரக் குளிர்கோபுரத்துக்குள் விட்டு, அங்கே எழும் ஈரக்காற்றோடு சேர்த்து மேலே அனுப்புகிறார்கள்.

நீடராவ்ஸெமைப் பற்றி இவ்வளவு சொல்வது நெய்வேலியை மனத்தில் வைத்துத்தான். சோவியத் ஒத்துழைப்போடு கட்டி 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்ற முதல் அனல்மின் நிலையம் தொடங்கி, ஏழு 210 மெகாவாட் அலகுகள் கொண்ட இரண்டாம் நிலையம், 500 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட புதிய நிலையம் வரை, நெய்வேலி எரிப்பது பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். அதன் எடையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ லிக்னைட்டில் இருக்கும் அரை கிலோ நீரை ஆவியாக்கவே முந்நூறு கிலோகலோரி போகிறது. அந்தக் கிலோ தருவதோ 2,600, 2,700 கிலோகலோரி. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி நீராவியாகப் புகைபோக்கி ஏறிவிடுகிறது.

அந்த நீரை எதைக்கொண்டு உலர்த்துகிறோம்? லிக்னைட்டை அரைக்கும் பீட்டர் மில், அடுப்பின் மேற்பகுதியிலிருந்து ஆயிரம் டிகிரியை ஒட்டிய புகையை உறிஞ்சி, அரைக்கும்போதே உலர்த்துகிறது. எளிய, உறுதியான ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேல் நின்று நிலைத்தது. இருந்தாலும் நூறு நூற்றைம்பது டிகிரியில் முடியக்கூடிய உலர்த்தும் வேலைக்கு நிலையத்தின் ஆக உயர்ந்த வெப்பத்தைச் செலவழிக்கிறோம். நீடராவ்ஸெமில் பின்னர் குறைந்த அழுத்த நீராவியைக் கொண்டு லிக்னைட்டை மிதக்கும் படுகையில் தனியே உலர்த்தி, அதிலிருந்து எழும் நீராவியின் வெப்பத்தையும் திரும்பப் பயன்படுத்தும் சோதனை ஆலையை அமைத்தார்கள். முழு அலகுக்கும் செய்தால் திறன் நான்கு சதவீதப் புள்ளிகள் வரை கூடும் என்பது அவர்கள் கணக்கு. நெய்வேலியில் வெயிலும் இருக்கிறது, தாழ்ந்த கழிவு வெப்பமும் இருக்கிறது. உலர்ந்த லிக்னைட் தானே தீப்பற்றும் குணம் உடையது என்பதால் மந்த வாயுச் சூழலில் கையாள வேண்டும், அதற்குச் செலவாகும். எனினும் தமிழ்நாட்டில் கழிவு வெப்பத்துக்கு இதைவிடத் தகுந்த வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. எரிபொருளின் பாதி எடை நீராக இருக்கும்போது, உலர்த்துவதைத் தவிர மற்றதெல்லாம் பிறகு.

கண்டென்சருக்கு இப்போது திரும்புவோம். பாதி வெப்பமும் அங்கேதான் போகிறது என்றேன்; மின்சாரம் எடுக்க முடியாது என்றும் சொன்னேன். முதலில் செய்ய வேண்டியது வாக்குவத்தைக் காப்பது. கண்டென்சரின் அழுத்தம் பத்து மில்லிமீட்டர் பாதரச அளவு கெட்டால் ஹீட் ரேட், அதாவது ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் வெப்பம், ஒரு சதவீதம் கூடும். குழாயில் படியும் சேறு, கடலோர நிலையங்களில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிகள், எங்கோ உறிஞ்சும் ஒரு சிறு காற்றுக்கசிவு, இவற்றைப் பார்ப்பது எந்த மீட்புக் கருவியைவிடவும் லாபம்.

அதன்பின் தண்ணீர். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், இலட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக்கொண்டு குடிநீர் எடுத்துக் காட்டியது. அதே முறையை 2009-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் கண்டென்சரின் கழிவு நீரை வைத்துச் செய்தார்கள். நாளுக்கு 150 கன மீட்டர் நன்னீர். சூடேறி வரும் கடல்நீரைக் காற்று நீக்கிய கலத்துக்குள் விட்டால், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் ஒரு பகுதி ஆவியாகும். குளிர்ந்த கடல்நீரால் அதை மீண்டும் நீராக்கலாம். நீர் நான்கு டிகிரி குளிர்ந்தால் அதில் ஆவியாவது நூற்றில் முக்கால் பங்குகூட இல்லை. ஒரு டன் நன்னீருக்கு 145 டன் கடல்நீர் வேண்டும். நகரத்தின் தாகத்தைத் தீர்க்க இது வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொதிகலனுக்கே தினமும் புதுநீர் வேண்டும். 210 மெகாவாட் அலகில் மணிக்கு 700 டன் நீராவி ஓடுகிறது. அதில் ஒரு சதவீத இழப்பை ஈடுசெய்ய நாளுக்கு 168 டன் நீர். வடசென்னையில் எடுத்தது ஏறக்குறைய ஒரு அலகின் தேவை. அந்த 145 டன் கடல்நீரும் எப்படியும் பம்ப் செய்யப்பட்டு, சூடேறி, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதுதான். கடலோர நிலையங்கள் ஒவ்வொன்றும் தன் கொதிகலன் நீரை இப்படி எடுத்துக்கொள்வது நியாயமான இலக்கு.

கடைசியாக ஒன்று, இது மாணவர்களுக்கு. நான் பணியில் சேர்ந்தபோது அலகு என்றால் முழுச் சுமையில் ஓடும். இப்போது பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல் அலகுகள் பாதிக்கு இறங்குகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் 40 சதவீதச் சுமை வரை இறங்கத் தயாராகச் சொல்கின்றன. சுமை குறைந்தால் புகையின் வெப்பநிலையும் குறைந்து அமில எல்லைக்கு அருகில் வந்துவிடும். முழுச் சுமைக்குக் கணக்குப் போட்டு வைத்த மீட்புக் கருவி, மதியம் பன்னிரண்டு மணிக்கு அமிலத்தில் நனைந்துகொண்டிருக்கும். புகையின் பாதையை மாற்றிவிடும் டாம்பர்கள் இல்லாத எந்த வடிவமைப்பையும் இனி ஏற்கக் கூடாது. இதற்கான அளவீடுகள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை. இந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் ஏதாவது ஒரு நிலையத்தின் அனுமதி பெற்று, ஏர் ப்ரீஹீட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனையும் வெப்பநிலையையும் முழுச் சுமையில், பாதிச் சுமையில், 40 சதவீதத்தில் அளந்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புகைப்பாதையின் அகலம் முழுக்க, பல புள்ளிகளில் அளக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை. அந்த எண்கள் கையில் வந்த பிறகு எந்தக் கருவியை எந்த அளவில் வைப்பது என்று நாம் மறுபடியும் உட்கார்ந்து பேசலாம். கணக்குப் போட நான் வருகிறேன்.